கால் மஞ்சளாக இருந்தால் அது டெம்மிங்க் கொசு உள்ளான்தானா?

ஏரிக்கரையில் எடுத்த படத்தைப் போட்டு, "கால் மஞ்சளாகத் தெரிகிறது, இது கொசு உள்ளானா, டெம்மிங்க் கொசு உள்ளானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சேற்றில் இரை தேடும் குட்டிக் கரையோரப் பறவைகள். முன்னதற்குக் கறுப்புக் கால், பின்னதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த கால் என்பது சரிதான். ஆனால் காலை மட்டும் நம்பி நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

வேதாரண்யம் உப்பளத்தில், ஒரு ஜனவரி காலை. பாத்தி ஓரம் மங்கல் மஞ்சள் காலோடு ஒரு குட்டிப் பறவை. "டெம்மிங்க்!" என்று கூட வந்தவர்களிடம் கத்திவிட்டேன். அது சாவகாசமாகத் தண்ணீரில் இறங்கி ஏறியது. காய்ந்த சேறு கழுவிப்போய், கால் கன்னங்கரேலென்று இருந்தது!

அதிலிருந்து முதலில் நடையைத்தான் பார்ப்பேன். கொசு உள்ளானுக்கு நிற்கவே தெரியாது. கூட்டமாகத் திறந்த சேற்றில் ஓடும், தையல் மெஷின் ஊசி மாதிரி குத்தும், மறுபடி ஓடும். உப்பளம், கழிமுகம் எல்லாம் அதற்குச் சம்மதம். டெம்மிங்க் பெரும்பாலும் நன்னீர்க்காரர். புல் முளைத்த சேற்றோரம் தனியாகவோ நாலைந்தாகவோ, காலை மடக்கி எலி போல ஊர்ந்து மேயும்.

அப்புறம் மார்பு. குளிர்காலத்தில் டெம்மிங்கின் மார்பு முழுக்க மங்கிய பழுப்புச் சாம்பல்; கொசு உள்ளானுக்கு நடுமார்பு வெள்ளை. உருவத்தை வைத்துப் பிரிப்பது வீண், இரண்டும் சிட்டுக்குருவி அளவுதான்.

பறந்துவிட்டால் சந்தேகமே இல்லை. டெம்மிங்க் "டிர்ர்ர்" என்று உதறிக்கொண்டு செங்குத்தாக எழும்பும், வாலின் இரு ஓரமும் பளீர் வெள்ளை. கொசு உள்ளான் "டிட், டிட்" என்பதோடு சரி, வாலோரம் சாம்பல்.

இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் லைஸ்லர் என்ற ஜெர்மானியர், அதுவும் ஒரே ஆண்டில், 1812இல். இரண்டும் கோடையில் முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில். டெம்மிங்கில் பெட்டை முதல் ஈட்டு முட்டைகளைச் சேவலிடம் விட்டுவிட்டு, அடுத்த ஈட்டைத் தானே அடைகாக்கும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். மார்பு முழுக்க மங்கல், வால் நுனி இறக்கையைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கிறது, பக்கத்தில் புல். நான் டெம்மிங்க் என்றே சொல்வேன். பறக்கும்போது எடுத்த படம் ஏதாவது இருந்தால், எவ்வளவு கலங்கியிருந்தாலும் பரவாயில்லை, போடுங்கள்.