முகத்தைப் பார்க்காதீர்கள், அட்டையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: '18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்கப்படாது' என்று பலகை மாட்டியிருக்கிறேன். ஆனாலும் கூட்ட நேரத்தில், கல்லாவில் நிற்கும் பையன் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். எப்படித் தடுப்பது?

பதில்: முதலில் உங்கள் கேள்வியிலேயே ஒன்று இடிக்கிறது. கல்லாவில் நிற்கும் 'பையனுக்கு' 18 ஆகிவிட்டதா? இந்திய விதிகளின்படி 18 ஆகாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்கவும் கூடாது, அவரை வைத்து விற்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16ஆவது பிரிவும் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

பலகை கட்டாயம்தான். இந்தியாவில் அது குறைந்தது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும். ஆனால் பாக்கெட்டை எடுக்கும் கையைப் பலகை தடுக்காது. "சந்தேகம் வந்தால் வயதுக்கு அடையாள அட்டை கேள்" என்று ஊழியரிடம் சொல்வதும் வீண். அவசரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. மீசை அரும்பிய 16 வயதுக்காரர், 20 வயது போலத்தான் தெரிவார். அதனால்தான் வயது வரம்பு 18 ஆக உள்ள இங்கிலாந்தில், பல கடைகள் 25 வயதுக்குக் கீழே தெரிகிற எல்லாரிடமும் அட்டை கேட்கின்றன. வரம்பு 21 ஆக உள்ள அமெரிக்காவில், 30 வயது நிரம்பாதவரிடம் புகைப்பட அட்டை பார்த்தே தீர வேண்டும்.

அட்டையை வாங்கிப் பார்த்த பிறகும் விற்றுவிடுவது உண்டு. காரணம், கணக்குப் பிசகு. 2008 டிசம்பரில் பிறந்தவர் 2026 மார்ச்சில் வந்து நிற்கிறார். வருடத்தை மட்டும் கழித்தால் 18 வரும். உண்மையில் அவருக்கு 17தான். காலையில் கடை திறந்ததும், அன்றைய தேதிக்குச் சரியாக 18 வருடம் முந்தைய தேதியை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு பிறந்தவருக்குக் கிடையாது. ஊழியர் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை, இரண்டு தேதிகளை ஒப்பிட்டால் போதும்.

கேள்வி: சிறுவர்களைக் கடைக்கு அனுப்பிச் சோதிப்பதாகக் கேள்விப்பட்டோம். அது எப்படி நடக்கிறது? எங்கே சறுக்குகிறது?

பதில்: இதற்குச் சோதனைக் கொள்முதல் என்று பெயர். அதிகாரம் பெற்ற அலுவலர்கள்தான் நடத்த வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆர்வத்தில் பெற்றோரோ ஆசிரியரோ தாங்களாகப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது.

பொதுவாக 15 முதல் 17 வயதுக்குள் உள்ளவரைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். அன்றைய உடையில், அதே தலைவாரலில் ஒரு புகைப்படம் எடுத்து வைப்பார்கள். 'பார்க்கப் பெரியவர் மாதிரி இருந்தார்' என்று பின்னால் வாதம் வரும்போது, அந்தப் படம்தான் பதில் சொல்லும். பணம் அலுவலர் கொடுப்பது. நோட்டு எண்களை முன்பே குறித்துக்கொள்வார்கள். ஓர் அலுவலர் முதலில் வாடிக்கையாளர் போல உள்ளே போய் நிற்பார். பிறகு சிறுவர் வந்து சிகரெட் கேட்பார். வயது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், கெஞ்சக் கூடாது, 'அப்பாவுக்கு' என்று கதை விடவும் கூடாது. மறுத்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும். விற்றுவிட்டால் பொருளை உடனே உறையிலிட்டு முத்திரை வைத்து, தேதி, நேரம், விற்றவரின் அடையாளம், பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் அங்கேயே எழுத வேண்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு கடைகளின் விவரம் கலந்துபோகும், வழக்கும் போய்விடும்.

சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். சிறுவரை அவருடைய சொந்தத் தெருவுக்கே அனுப்புவது: கடைக்காரருக்கு முகம் தெரிந்துவிடும், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் தொல்லை. முதல் கடையிலேயே நின்று சத்தம் போடுவது: ஒரு தொலைபேசி அழைப்பில் தெரு முழுக்க எச்சரிக்கை போய்விடும். பக்கத்துக் கடைகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் விற்றவர்களிடம் சொல்ல வேண்டும். முதலாளி உட்கார்ந்திருக்கும் காலை 11 மணிக்கு மட்டும் சோதிப்பதும் வீண்வேலை. பள்ளி விட்ட பிறகு, ஊழியர் மாறும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று குழந்தை சொன்னால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. யாருக்காக என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கை நீட்டுவது யார் என்பதைத்தான் பார்க்கிறது. இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்கு இல்லையென்றாலும் குற்றமே என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அங்கே 2015 முதல், சிறுவருக்காகப் பெரியவர் வாங்கித் தருவதும் குற்றம்.

கேள்வி: அபராதம் கட்டிவிட்டு மறுநாளே விற்கிறார்களே?

பதில்: கட்டுவார்கள், ஏனென்றால் தொகை அப்படி. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. புகார் எழுதும்போது இந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

அதைவிடக் கடைக்காரரை உறுத்துவது விற்கும் உரிமையே போய்விடும் என்ற பயம். அமெரிக்காவில் 36 மாதத்தில் 5 முறை மீறினால், புகையிலையே விற்க முடியாதபடி உத்தரவு வரலாம். அங்கே 1992இல் வந்த சட்டம், முன்னறிவிப்பில்லாத சோதனைகளை ஆண்டுதோறும் நடத்தி, மீறும் கடைகளின் விகிதத்தை 20 சதவீதத்துக்குள் வைக்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. தவறினால் மத்திய நிதியில் கை வைப்பார்கள். 1997இல் சுமார் 40 சதவீதமாக இருந்த மீறல், 2011இல் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஆனாலும் விகிதம் குறைந்ததும் ஓய்ந்துவிடக் கூடாது. 1990களில் மாசசூசெட்ஸில் நடந்த ஓர் ஆய்வில், 82 சதவீதக் கடைகள் மறுக்கத் தொடங்கிய பிறகும், சிகரெட் வாங்குவது கொஞ்சம்தான் கஷ்டமானதாக இளையவர்கள் சொன்னார்கள். ஊரே மறுத்தாலும், கொடுக்கிற ஒரு கடை எதுவென்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். மீறிய கடைக்குச் சில மாதங்களுக்குள் மறுசோதனை போக வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வி: பள்ளிக்கு எதிரே விற்கிறார்கள். புகாரில் என்ன எழுத வேண்டும்?

பதில்: 'எப்போதும் விற்கிறார்கள்' என்று எழுதினால் யாரும் நகர மாட்டார்கள். கடை இருக்கும் இடம், இரண்டு மூன்று நாட்களின் தேதி, நேரம், பாக்கெட்டா உதிரியா, விற்றவர் முதலாளியா ஊழியரா என்று எழுதுங்கள். இந்தியாவில் கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது என்பதால், பள்ளியிலிருந்து கடை எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து சேருங்கள். அப்போது வாங்கியவரின் வயதை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கும் பிள்ளையைப் படம் பிடித்துப் பரப்பாதீர்கள். விசாரணை விற்றவர் மீதுதான்.