கண்ணில் வைத்துப் பாருங்கள், அப்புறம் லென்ஸில் மாட்டுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமராவுக்கு 55 மி.மீ. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும், வளையத்தைத் திருப்பிச் சரிசெய்கிற ஃபில்டர்) வாங்கினேன். கே.ஆர்.பி. அணையில் வளையத்தை எவ்வளவு திருப்பியும் வியூஃபைண்டரில் ஒன்றும் மாறவில்லை. கழுவி வந்த படங்களும் இருட்டாக இருக்கின்றன. ஃபில்டரில் கோளாறா?

பதில்: ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையது ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. அதில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸில் மாட்டிய ஃபில்டர் அங்கே எப்படித் தெரியும்?

அதனால் மாட்டுவதற்கு முன் அதைக் கண்ணெதிரே பிடித்துக் காட்சியைப் பாருங்கள். லென்ஸில் மாட்டும்போது எந்தப் பக்கம் வெளியே இருக்குமோ, அதே பக்கம் இப்போதும் வெளியே பார்க்கட்டும். முன் வளையத்தைத் திருப்புங்கள். தண்ணீரின் பளபளப்பு அடங்கி அடியில் கிடக்கும் கல் தெரிகிற இடத்தில் நிறுத்தி, விளிம்பில் உள்ள குறி கடிகார முள்போல எத்தனை மணியில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மணி என்றால், மாட்டிய பிறகும் அதே இரண்டு மணி. கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே சரிசெய்யுங்கள். முன்னால் வந்து பார்த்தால் அது பத்து மணியாகத் தெரியும். குறி இல்லாவிட்டால் முன் வளையத்தின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு நகப்பாலிஷ் புள்ளி வையுங்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை விளைவு அப்படியே திரும்பி வருவதால் எந்தப் புள்ளி மேலே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஃபில்டரும் கூடவே சாயும். அப்போது புள்ளியை மறுபடி பழைய மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

படம் இருட்டானதற்குக் காரணம் வேறு. இந்த ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). உங்கள் கேமராவின் ஒளி அளக்கும் கண் லென்ஸில் இல்லை, மேல்பகுதியின் முன்பக்கம் இருக்கிறது. ஃபில்டர் மாட்டியது அதற்குத் தெரியாது. 400 ரோல் போட்டிருந்தால், ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் கேமராவுக்குச் சொல்லும் ஏஎஸ்ஏ வட்டை இரண்டு ஸ்டாப் குறைத்து 100-இல் வையுங்கள். கழற்றியதும் மறக்காமல் 400-க்குத் திருப்புங்கள். ஒகேனக்கல்லில் வட்டை மாற்றாமலே ஒரு முழு ரோலை எடுத்து, நெகட்டிவ் எல்லாம் வெளிறி வந்து, அந்தப் பயணத்தையே இழந்தவன் நான்.

போலரைசரில் லீனியர், சர்க்குலர் என்று இரண்டு வகை உண்டு. எது வேண்டும் என்று கடையில் குழப்பியிருப்பார்கள். உங்கள் கேமராவுக்கு இரண்டுமே சரி.

வானம் கருநீலமாக வேண்டுமென்றால் உங்கள் நிழல் இடது அல்லது வலது பக்கம் விழும்படி நில்லுங்கள். சூரியனை நேராகவோ முதுகிலோ வைத்தால் பலன் மிகக் குறைவு. மேகம் மூடிய நாளில் வானத்தில் எதுவும் மாறாது. தண்ணீருக்கு, அணைக்கரையில் நின்று சற்றே கீழ்நோக்கிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சுமார் 37 டிகிரிக் கோணத்தில் பளபளப்பு மொத்தமும் போய்விடும். தூரத்து நீர்ப்பரப்பில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது உங்கள் ஊர் மாந்தோப்புதான். வெயிலில் மாவிலை மேல் படிந்திருக்கும் வெள்ளை மினுக்கம் கழன்று இலையின் சொந்தப் பச்சை வெளியே வரும். அடுத்த ரோலை அங்கேயே தொடங்குங்கள்.