அம்மாவின் மறதிக்கு நிகோடின் பேட்ச் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிகோடின் மூளைச் செல்களைக் காப்பாற்றும் என்று படித்தேன். சிகரெட்தானே கெடுதல், பேட்ச் வாங்கி ஒட்டிவிடலாமா?

பதில்: அம்மாவைப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

நினைவுக்கும் கவனத்துக்கும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அது போய் ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகையில் நிகோடினும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவற்றுக்குப் பெயரே நிகோடினிக் ஏற்பிகள். அல்சைமரில் இவை குறைந்துபோகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்கள்மேல், அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தை விட்டால் அவை சாகும். நிகோடினும் சேர்த்துக் கொடுத்தால் சாவது குறைகிறது என்று 1990களிலேயே பார்த்துவிட்டார்கள். மரபணு மாற்றிய எலிகளிலும் அமிலாய்டு படிவு குறைந்தது. 'காப்பாற்றும்' என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது.

அப்புறம் 2005இல் வேறு வகை எலிகளைப் பார்த்தார்கள். அவற்றில் அமிலாய்டோடு டௌ என்ற புரதமும் கெடும். தொடர்ந்து நிகோடின் கொடுத்தபோது டௌ பாதிப்பு கூடியது. மனிதருக்கு வரும் அல்சைமரிலும் இரண்டும் சேர்ந்தே கெடுகின்றன. எனக்கு இந்த முடிவுதான் கவலை தருகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனையும் உண்டு. 2012இல் வெளியானது. புகைக்காத 74 பேர், நாளுக்கு 15 மில்லிகிராம் வரை பேட்ச், ஆறு மாதம். கவனம், நினைவுத் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. மருத்துவர்கள் மொத்த நிலையை மதிப்பிட்டபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்களுக்கு இருந்ததும் லேசான மறதிக் கோளாறுதான், அல்சைமர் அல்ல. தேர்வில் மதிப்பெண் கூடுவது வேறு, செல் சாகாமல் இருப்பது வேறு.

பேட்ச் பெட்டியைப் புரட்டிப் படித்துப் பாருங்கள், புகையை விடுவதற்கு என்றுதான் போட்டிருக்கும். அளவும் நிகோடினுக்குப் பழகிய உடம்பை வைத்தே சொல்லப்பட்டது. பழக்கமில்லாத வயதானவருக்குக் குமட்டல், தலைசுற்றல், படபடப்பு வரலாம். பசியும் மந்தமாகும். அல்சைமரில் ஏற்கெனவே எடை குறைவது சகஜம் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: அல்சைமருக்கான ரிவாஸ்டிக்மின் மருந்தும் பேட்ச்சாக வருகிறது, அதற்கும் குமட்டல் உண்டு. அம்மா அதை ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டாவது பேட்ச் ஒன்று வீட்டுக்குள் வந்ததும் எது எதற்கு என்ற குழப்பம் வரும். கழற்றிப் போட்ட நிகோடின் பேட்ச்சிலும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும், குழந்தை கையில் கிடைத்தால் ஆபத்து.

அம்மாவுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. டாக்டரிடம் போகும்போது இதையும் கேளுங்கள். கேலன்டமைன் என்ற மருந்து அசிட்டைல்கோலினைச் சிதையாமல் காப்பதோடு அதே நிகோடினிக் ஏற்பிகளையும் தூண்டிவிடும். அது அல்சைமருக்கென்றே சோதிக்கப்பட்டது. நோயை நிறுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். அம்மாவுக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார்.

கேள்வி: புகைப்பவர்களுக்கு அல்சைமர் வராது என்று என் கணவர் சிகரெட்டை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: பழைய சில ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. புகைப்பவர்களில் பலர் அந்த வயதுக்கு முன்பே இறந்துவிடுவதை அவை சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 2010இல் ஒரு குழு பழைய ஆய்வுகளை எல்லாம் எடுத்து, எவற்றுக்குப் புகையிலை நிறுவனங்களோடு தொடர்பு என்று பிரித்துப் பார்த்தது. தொடர்பில்லாதவற்றைத் தனியே கணக்கிட்டால் புகைப்பவர்களுக்கு அல்சைமர் ஆபத்து அதிகமாகவே இருந்தது. உலகில் அல்சைமர் வருபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குப் புகை காரணமாக இருக்கலாம் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கணவர் புகையை விடுவதற்கு என்றால், டாக்டரைக் கேட்டு அந்த பேட்ச்சைத் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: நான் வாங்கிய வைட்டமின் பாட்டிலில் 'நிகோடினிக் அமிலம்' என்று இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அது வைட்டமின் பி3. முதலில் நிகோடினிலிருந்து தயாரித்ததால் அந்தப் பெயர் வந்தது. இந்தக் குழப்பத்துக்காகவே பிறகு 'நியாசின்' என்று மாற்றினார்கள். அதில் நிகோடின் கிடையாது, அந்தப் பழக்கமும் வராது. அளவை மட்டும் பாருங்கள், மிக அதிகமானால் முகம் சிவந்து எரியும், கல்லீரலும் கெடலாம்.