பப்பிள் பத்தி ரிசர்ச் பண்ணா வேலை கிடைக்குமான்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு பிசிக்ஸ் டிகிரி முடிக்கப் போறா, பப்பிள் பத்திதான் ஆராய்ச்சி பண்ணுவேங்கிறா, ஒரு நாள் தண்ணிக்குள்ள வர்ற குமிழிங்கிறா, இன்னொரு நாள் ஷேர் மார்க்கெட் பப்பிள்ங்கிறா, இதெல்லாம் ஒரு படிப்பான்னு கேட்டிருந்தீங்க. பயம் நியாயம்தான். ஆனா ரெண்டுமே சீரியஸான துறை, அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். 1960ல டொனால்ட் கிளேசருக்கு பிசிக்ஸ் நோபல் கொடுத்ததே பப்பிள் சேம்பர், அதாவது நுண்துகள் போற பாதையைக் குமிழிகளா காட்டுற கருவி, கண்டுபிடிச்சதுக்காகத்தான். 2013ல எகனாமிக்ஸ் நோபலை மூணு பேர் பகிர்ந்துக்கிட்டாங்க, அதுல ராபர்ட் ஷில்லர் மார்க்கெட்ல பப்பிள் வருதுன்னு சொல்றவர், யூஜின் ஃபாமா அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும்னு முதல்ல நிரூபிங்கன்னு கேக்கறவர். நேர் எதிரா பேசுற ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் பரிசு கிடைச்சிருக்குன்னா அங்க தீராத கேள்வி எவ்வளவு இருக்குன்னு பாருங்க. ஷேர் மார்க்கெட் பப்பிள்னா, விலை உண்மையான மதிப்பைத் தாண்டி ஊதிப் போய் அப்புறம் உடைஞ்சு விழறது.

என் கவலை வேற. பேரு ஒண்ணா இருக்கே தவிர தினசரி வேலை ரெண்டுலயும் வேற வேற, அதை அவ தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கணும்.

தண்ணி பக்கம் எப்படி இருக்கும்னா, ஒரு கண்ணாடி ஃபிளாஸ்க்ல கரைஞ்ச காத்தை எடுத்துட்ட தண்ணியை ஊத்தி, வெளிப்பக்கம் காதுக்குக் கேக்காத சத்தம் எழுப்புற டிரான்ஸ்டியூசரை ஒட்டி, ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் கொஞ்சமா திருகித் திருகி சரி பண்ணா ஒரே ஒரு சின்னக் குமிழி நடுவுல சிக்கி நிக்கும், ஒவ்வொரு அலைக்கும் விரிஞ்சு சுருங்கும், சுருங்குற வேகத்துல உள்ள இருக்கற வாயு பயங்கரமா சூடாகி லைட் அடிக்கும், ரூமை இருட்டாக்கினா நீலமா ஒரு புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும். இதுக்கு சோனோலூமினிசன்ஸ்னு பேரு. இந்தச் சுருங்குற கணக்கை 1917லயே ரேலிங்கற பிரிட்டிஷ் இயற்பியலாளர் போட்டுட்டார், கப்பல் ப்ரொப்பெல்லர் உலோகம் ஏன் குழி குழியா அரிச்சுப் போகுதுங்கற கேள்விலேர்ந்து வந்த கணக்கு அது. சமன்பாடு கையில இருக்கு, சரியா வரலைன்னா நாளைக்குத் திரும்பப் பண்ணலாம். பொறுமை, கைவேலை, கேமரா, நிறைய தோல்வி, இதுதான் அந்த வாழ்க்கை. வேலைன்னு பார்த்தா பம்ப், டர்பைன் டிசைன், கொதிக்க வச்சு சூட்டை வெளியேத்துற கூலிங் சிஸ்டம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல ரத்தத்துல செலுத்துற மைக்ரோ பப்பிள்ஸ், சுரங்கத்துல நுரையை வச்சு தாதுவைப் பிரிக்கறதுன்னு பரவலா இருக்கு. சில இன்க்ஜெட் பிரிண்டர் மையைத் தள்றதே ஒரு குமிழியை வச்சுத்தான்.

மார்க்கெட் பக்கம் இந்த வசதி கிடையாது. அமெரிக்க ஷேர் மார்க்கெட் குறியீடான நாஸ்டாக் 2000 மார்ச் 10ல 5,048ல முடிஞ்சுது, 2002 அக்டோபர்ல 1,114 கிட்ட வந்துடுச்சு. ஜப்பானோட குறியீடு நிக்கேய் 1989 டிசம்பர்ல 38,915ல முடிஞ்சு, அதைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆச்சு. அந்த வருஷங்களைத் திரும்ப ஓட்டிப் பார்க்க யாராலயும் முடியாது. அதுலயும் ஒரு சிக்கல், குமிழி நாம எழுதுற பேப்பரைப் படிக்காது, மார்க்கெட்ல இருக்கறவங்க படிப்பாங்க, விழப்போகுதுன்னு நம்பினா முன்னாடியே வித்துடுவாங்க, அப்ப நாம அளக்கப் போன விஷயமே மாறிடும்.

அதனாலதான் வெர்னான் ஸ்மித்துங்கற பொருளாதார அறிஞரும் அவரோட சேர்ந்தவங்களும் 1988ல வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும், உங்க பொண்ணு அவசியம் படிக்கணும். ஆட்களை உட்கார வச்சு ஒரு பொய்யான ஷேரை 15 ரவுண்டு வாங்கி விக்க வச்சாங்க, ரவுண்டுக்கு சராசரியா 24 சென்ட் டிவிடெண்ட், அதாவது ஆரம்பத்துல அதோட மதிப்பு 3.60 டாலர், ரவுண்டுக்கு ரவுண்டு 24 சென்ட் குறையணும், கணக்கு எல்லாருக்கும் தெரியும், ஒளிவு மறைவே இல்லை. அப்படியும் விலை மதிப்புக்கு மேல ஏறி கடைசியில தொப்புன்னு விழுந்துச்சு. அதே ஆளுங்க திரும்பத் திரும்ப ஆடினப்புறம்தான் அடங்குச்சு. மனுஷங்களையே லேப்புக்குள்ள கொண்டு வந்து திரும்பத் திரும்பப் பண்ண முடிஞ்சுது பாருங்க.

பிசிக்ஸ்லேர்ந்து இந்தப் பக்கம் வந்தவங்களும் இருக்காங்க. டிடியர் சோர்னெட் பொருட்கள் எப்படி விரிசல் விட்டு உடையுதுன்னு ஆராய்ஞ்சவர், அதே கணித முறையை விலை ஏறி உடையறதுக்குப் பொருத்திப் பார்த்தார், 2008ல சூரிக்ல இதுக்குன்னே ஒரு ஆய்வகம் தொடங்கினார். அதை ஏத்துக்காதவங்களும் நிறைய, அந்த ஃபார்முலாவுல மாத்திக்க வேண்டிய எண்கள் அதிகம், எந்த வளைவுக்கும் பொருந்திடும்ங்கறாங்க. அந்த விமர்சனத்தையும் சேர்த்தே அவ படிக்கட்டும். பிசிக்ஸ் பசங்க பண்ற பெரிய தப்பு, எகனாமிக்ஸ்காரங்க ஏற்கனவே எழுதி வச்சதைத் தொடாமலே மாடல் போட ஆரம்பிக்கறது.

இப்ப என் யோசனை. மாஸ்டர்ஸை பிசிக்ஸ்லயே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (திரவம், வாயு ஓடுறதைப் பத்தின படிப்பு) இல்லைன்னா சாஃப்ட் மேட்டர் (நுரை, ஜெல் மாதிரி மெத்துன்னு இருக்கற பொருட்கள்) பக்கமா எடுக்கட்டும், கூடவே ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டைம் சீரிஸ் (நாளுக்கு நாள் மாறுற எண்களை அலசறது), பைத்தான் ப்ரோகிராமிங் நல்லா கத்துக்கட்டும், முடிஞ்சா ஒரு எகனோமெட்ரிக்ஸ் பேப்பர், அதாவது பொருளாதார டேட்டாவை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வச்சு அலசற பாடம். பிசிக்ஸ் முடிச்சு ஃபைனான்ஸுக்குப் போறவங்க நிறைய பேர், பேங்க் ரிஸ்க் டிபார்ட்மெண்ட், மத்திய வங்கி ஆராய்ச்சிப் பிரிவு, ஃபண்டு கம்பெனின்னு போறாங்க. ஃபைனான்ஸ்ல போயிட்டு அப்புறம் லேப்புக்குத் திரும்பறது ரொம்பக் கஷ்டம், கைப்பழக்கம் விட்டுப்போகும். அதனால மூடினா திறக்காத கதவை இப்பவே மூட வேண்டாம்ங்கறேன்.

ஒண்ணு மட்டும் அவகிட்ட நேரா கேளுங்கம்மா, திட்டாம கேளுங்க. மார்க்கெட் எப்ப விழும்னு கண்டுபிடிச்சு சம்பாதிக்கணும்ங்கறதுதான் ஆசைன்னா அது டிரேடிங், அதுக்கு பிஹெச்டி தேவையில்லை. ஏன் விழுதுன்னு தெரியாம தூக்கம் வரலைங்கறான்னா அது ஆராய்ச்சி.

கைடுக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன வேலை செய்யட்டும். ஒரு சோப்புப் படலத்தை செங்குத்தா பிடிச்சு ஃபோன்ல வீடியோ எடுத்து, மேல கலர் பட்டைகள் இறங்கி, கிழியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கருப்பாகுதே, அது ஏன்னு ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம் 1995லேர்ந்து 2002 வரைக்கும் நாஸ்டாக் டேட்டாவை இறக்கி, 1999 டிசம்பருக்கு அப்புறம் வர்ற டேட்டாவை மறைச்சு வச்சுட்டு, உச்சம் எப்பன்னு அந்த இடத்துல நின்னு சொல்ல முடியுதான்னு பார்க்கட்டும். ரெண்டையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க, எதை ஆசையா எழுதியிருக்கான்னு பார்த்துட்டு அவளையும் வச்சுக்கிட்டே பேசுவோம்.