கேரவன் இழுக்கப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: எதை வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் மெல்பர்னில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம். சுமையோடு அதிகபட்ச எடை (ஏ.டி.எம்.) 2,500 கிலோ உள்ள 19 அடி கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதை இழுப்பதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் எதை வாங்கலாம்?

கேரவனின் எடையைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. பலர் வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திய பிறகுதான், அது எவ்வளவு இழுக்கும் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இழுவைத் திறனை வைத்து முடிவெடுக்காதீர்கள். டோபாலின் மேல், அதாவது கேரவனை மாட்டும் பின்புறக் குமிழின் மேல், கேரவன் அழுத்தும் எடை எவ்வளவு, அதைத் தாங்கிய பிறகு உங்கள் குடும்பத்துக்கும் சாமான்களுக்கும் வண்டியில் எவ்வளவு எடை மிஞ்சுகிறது என்பதே முதற்கணக்கு. பழைய வண்டியாக இருந்தால் அதற்கடுத்து வருவன கியர்பாக்ஸும் ரேடியேட்டரும். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது அதன் பிறகுதான்.

ஏ.டி.எம். என்பது, தண்ணீர், சமையல் எரிவாயு, துணிமணி எல்லாம் ஏற்றிய கேரவன் எட்டக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. வண்டியிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தும்போது உள்ள எடை அது. ஆஸ்திரேலியக் கேரவன்களில் இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டோபாலின் மேல் விழும் என்று கணக்கு வைப்பது வழக்கம். உங்கள் கேரவனுக்கு அது சுமார் 250 கிலோ. இதைக் குறைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முன்பாரம் குறைந்த கேரவன், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது வால்போல் ஆடத் தொடங்கும் என்பதால், அந்தப் பாரம் இருந்தே ஆக வேண்டும். அது முழுவதும் வண்டியின் கணக்கில்தான் ஏறுகிறது.

2009 இறுதியில் வந்த டொயோட்டா பிராடோ 150 தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி எல்லாச் சுமையோடும் எட்டக்கூடிய உச்ச எடை, அதாவது ஜி.வி.எம்., 2,990 கிலோ. வெற்று எடை ஏறத்தாழ 2,300 கிலோ. ஆகவே 690 கிலோ மிச்சம். டோபாலுக்கு 250 போனால் 440. நான்கு பேருக்கு 280 என்று வைத்தால் 160. முன்பு வைத்திருந்தவர் பொருத்திய இரும்பு புல்பார், இரண்டாவது பேட்டரி, பின்புற இழுப்பறைகள், ஃபிரிட்ஜ், கூரைச் சட்டம் ஆகியவை அந்த 160-ஐ எளிதில் விழுங்கிவிடும். பின்னச்சின் நிலைமை இதைவிட மோசம். டோபால் பின்சக்கரத்துக்கு வெகு பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் 250 கிலோ நெம்புகோல்போல் முன்பகுதியைத் தூக்கி, பின்னச்சின் மேல் ஏறக்குறைய 350 கிலோவாக இறங்குகிறது. இணைப்பில் மாட்டும் எடைப் பகிர்வுக் கம்பிகள் இதில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் கேரவனின் சக்கரங்களுக்கும் திருப்பி அனுப்பும் என்றாலும், வண்டியின் வரம்புகள் எதையும் அவை உயர்த்துவதில்லை.

வேறொரு கணக்கும் இருக்கிறது. வண்டியும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு அது, ஜி.சி.எம். என்பார்கள். 2011-இல் வந்த ஃபோர்ட் ரேஞ்சர் 3.2 டீசலின் இழுவைத் திறன் பின்னாளைய வண்டிகளில் 3,500 கிலோ, அதன் ஜி.வி.எம். 3,200 கிலோ, ஆனால் இரண்டும் சேர்ந்து 6,000 கிலோவைத் தாண்டக் கூடாது. முழு 3,500-ஐ இழுத்தால் வண்டிக்கு 2,500 தான் மிஞ்சும்; அதன் வெற்று எடையைக் கழித்துப் பார்த்தால் குடும்பத்தை ஏற்றவே திணற வேண்டியிருக்கும். டொயோட்டா லேண்ட் குரூசர் 200-இல் இந்தச் சிக்கல் இல்லை: ஜி.வி.எம். 3,350-உம் இழுவைத் திறன் 3,500-உம் சேர்த்த 6,850 கிலோதான் அதன் ஜி.சி.எம். உங்கள் 2,500 கிலோ கேரவனுக்கு ரேஞ்சரும் கணக்கில் பொருந்தும். ஆயினும் இரட்டைக் கேபின் வண்டிகளில் நீளமான பின்பகுதியில் சாமானை ஏற்றிவிட்டு அதற்கும் பின்னால் கேரவனைத் தொங்கவிடுவதை நான் விரும்புவதில்லை.

இனி வண்டிகள். உங்கள் கேரவனுக்கு என் முதல் தேர்வு 4.2 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின் கொண்ட லேண்ட் குரூசர் 100 தொடர். அந்தத் தொடர் 1998 முதல் 2007 வரை விற்பனையானது. 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர். இழுவைத் திறன் 3,500 கிலோ. இன்றைய டீசல்களோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் பெரியவையல்ல. ஆனால் ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் அந்த இன்ஜின், அவசரமில்லாமல் நாள் முழுவதும் பாரத்தை இழுக்கும். புகைக்கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும் டீசல் துகள் வடிகட்டி என்ற தொல்லையும் அதில் இல்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். இந்த வண்டியின் விலை வயதுக்கேற்ப இறங்குவதே இல்லை என்பதுதான் பெரிய குறை. நீங்கள் நினைத்ததைவிடப் பழையதாகவும், ஓட்டமானியில் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதாகவும் இருக்கும் வண்டியைத்தான் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்க முடியும்.

அதே வண்டி 4.7 லிட்டர் பெட்ரோல் வி8 இன்ஜினோடும் வந்தது. கேரவன் இழுக்கும்போது நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டரைத் தாண்டுவது அதற்குச் சாதாரணம் என்பதால் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே மலிவாகக் கிடைக்கிறது. பள்ளி விடுமுறைக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை மட்டும் கிளம்பும் குடும்பமென்றால் வாங்கும்போது மிச்சமாகும் பணம் பல ஆண்டு பெட்ரோல் செலவை ஈடுகட்டும். டீசல் என்றாலே சிக்கனம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டர்போ இல்லாத டீசல் கொண்ட 105 தொடரை மட்டும் தவிருங்கள். அது உடையாது, உண்மைதான். ஆனால் ஏற்றத்தில் உங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை சேர்ந்துவிடும்.

2007-இல் வந்த 200 தொடரின் 4.5 லிட்டர் வி8 டீசல் இதற்கெல்லாம் மேலான இழுவை வண்டி. நீங்கள் ஒதுக்கும் பணத்துக்குள் வந்தால் மறுக்க மாட்டேன். ஆரம்பக்கால வண்டிகளில் காற்று வடிகட்டிப் பெட்டியைத் தாண்டிப் புழுதி உள்ளே போய் இன்ஜினைத் தேய்த்த சம்பவங்கள் உண்டு. வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் மிட்சுபிஷி பஜேரோ 3.2 டீசல் எனக்குப் பிடித்த வண்டி. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, மழையில் நனைந்த தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்ட இடம் தரும் அமைப்பு, நியாயமான விலை. ஆனால் எடைக்கணக்கை ஏன் முதலில் வைத்தேன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதன் இழுவைத் திறன் 3,000 கிலோ என்று எழுதியிருக்கும். டோபால் வரம்போ, 2,500 கிலோ வரையான கேரவனுக்கு 250 கிலோ, அதைத் தாண்டினால் வெறும் 180 கிலோ. பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கப்படி பார்த்தால் 2,500 கிலோவுக்கு மேல் அது நடைமுறையில் உதவாது. உங்கள் கேரவன் அந்த விளிம்பிலேயே நிற்கிறது. முழு ஏ.டி.எம். வரை ஏற்றாமல் 2,200 கிலோவோடு பயணம் செய்யும் கட்டுப்பாடு உங்களுக்கு உண்டென்றால் பஜேரோவைத் தயக்கமின்றி வாங்கலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது சங்கிலி சலசலக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பிராடோ 120 தொடருக்கும், 3 லிட்டர் டீசல் கொண்ட 150 தொடருக்கும் இழுவை வரம்பு 2,500 கிலோதான். ஆகவே நீங்கள் எப்போதும் வரம்பிலேயே ஓட்ட வேண்டியிருக்கும். அந்த இன்ஜினில் இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செம்பு வளையங்கள் கசிந்தால், எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரி சேரும். கரி ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் இன்ஜினே போய்விடும். அந்த வளையங்கள் மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லாத பிராடோவுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். சிறிய கேரவனுக்கு அது அருமையான குடும்ப வண்டி என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

நிசான் பேட்ரோல் ஜி.யு. உறுதியான சேசிஸும் கனமான அச்சுகளும் கொண்டது. 2000-இல் அதில் புகுந்த 3 லிட்டர் டீசல், தொடக்க ஆண்டுகளில் பிஸ்டன் உருகிப் போவதற்குப் பெயர் பெற்றது. பாரத்தோடு நெடுநேரம் ஏறும்போதுதான் அந்தக் கோளாறு தலைதூக்கும் என்பதால், கேரவன் இழுக்க வாங்குபவருக்கு இது இரட்டை ஆபத்து. 4.2 டீசல் அல்லது 4.8 பெட்ரோல் கிடைத்தால் பாருங்கள்.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, டிஸ்கவரி 4 ஆகியவற்றைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பின்னால் கேரவன் இருப்பதே தெரியாத அளவுக்கு அமைதியாக இழுக்கும் வண்டிகள் அவை; 3,500 கிலோ திறன்; பாரம் ஏறினாலும் காற்றுச் சஸ்பென்ஷன் வண்டியைச் சமமாக நிறுத்திவிடும். ஆனால் அவற்றின் வி6 டீசல்களில் கிராங்க் ஷாஃப்ட் உடைவது அறியப்பட்ட கோளாறு. உடைந்தால் இன்ஜினையே மாற்ற வேண்டும். மெல்பர்னில் அவற்றை நன்கறிந்த தனி மெக்கானிக் ஒருவர் உங்களுக்குத் தெரியுமென்றால் பரிசீலியுங்கள். செடுனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடையே நல்லர்போர் சமவெளியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த மெக்கானிக் வரமாட்டார்.

வண்டியை நேரில் பார்க்கும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டேஷ்போர்டில், கேரவனின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரோ அதைக் கழற்றிய துளையோ இருந்தால், அது கேரவன் இழுத்த வண்டி. அதை நான் குறையாகக் கருதுவதில்லை. எதை இழுத்தது, கியர்பாக்ஸ் ஆயில் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்தால் போதும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொல்வது வெப்பம். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே கசிந்தால் கூலன்ட் இளஞ்சிவப்புப் பால்போல் மாறும். பிறகு கீழே படுத்து சேசிஸைப் பாருங்கள். படகு இழுத்து உப்புநீரில் பின்புறம் இறங்கிய வண்டியில் பின்பிரேக் குழாய்களிலும், டோபாலைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோபாரைச் சுற்றியும் துரு இருக்கும். டோபாரில் உள்ள தகட்டையும் படியுங்கள். வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்றாலும் பொருத்திய டோபார் 2,500-க்கு உரியதென்றால், சிறிய எண்தான் செல்லும்.

விக்டோரியா மாநிலத்தின் ரோட்வொர்த்தி சான்றிதழை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தரும் நற்சான்றாக எண்ண வேண்டாம். டயர், பிரேக், ஸ்டியரிங் போன்ற பாதுகாப்புச் சோதனை மட்டுமே அது. அடமானக் கடனும் முழுச்சேத வரலாறும் இருக்கின்றனவா என்பதை, 2 டாலர் கட்டணத்தில் மத்திய அரசின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் தேடிவிடலாம்.

வாங்கிய பிறகு ஆகும் செலவுக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கேரவனின் சக்கரங்களில் 2,000 கிலோவுக்கு மேல் எடை இறங்கினால், எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும், கேரவன் கழன்று போனால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும் என்பது ஆஸ்திரேலிய விதி. ஆகவே பிரேக் கன்ட்ரோலர் உங்களுக்குக் கட்டாயம். தனி கியர்பாக்ஸ் கூலரும் ஆயில் வெப்பமானியும் கட்டாயமில்லை, ஆனால் பழைய ஆட்டோமேட்டிக்குக்கு அவற்றைவிட நல்ல செலவு வேறில்லை.

முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, பொது எடை மேடைக்குப் போங்கள். முன்னச்சு, பின்னச்சு, கேரவன் சக்கரங்கள் மூன்றையும் தனித்தனியே நிறுத்தி எடை எடுங்கள். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. பின்னச்சு வரம்பைத் தாண்டியிருந்தால் கனமான சாமான்களைக் கேரவனுக்கு மாற்றலாம், கேரவன் தன் ஏ.டி.எம். வரம்புக்குள் இருக்கும்வரை. அவற்றைக் கேரவனின் அச்சுக்கு நேர்மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். பின்சுவரோரம் வைத்தால் டோபால் எடை குறைந்து எண்கள் அழகாகத் தெரியும். நெடுஞ்சாலையில் கேரவன் ஆடுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.