ஊழியமா, நியமனமா?

அன்புள்ள அக்கா,

உருத்திரபுரத்தில் இருந்து எழுதுகிறேன். பட்டப்படிப்பு முடித்து ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் சேர்ந்து முழுநேர ஊழியத்துக்குப் போக விருப்பம். "ரீச்சர் வேலை கிடைக்கட்டும், ஊழியத்தை ஞாயிற்றுக்கிழமையில் பார்" என்கிறார் அப்பா. போன மாதம் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரோடு அவர்களுடைய போராட்டத்தில் போய் இருந்தேன். "சபைப் பிள்ளைக்கு ஏன் அரசியல்?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். படிப்பித்தல், ஊழியம், நீதிக்கான வேலை மூன்றையும் ஒருத்தி செய்ய ஏலுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய தலைமுறைக்கு, மாதாமாதம் வங்கியில் விழுகிற சம்பளத்தைவிட நிலையானது வேறில்லை. ஆனால் அவர் சொல்கிற ஞாயிற்றுக்கிழமை ஊழியம் எனக்குப் பிடிக்கவில்லை. சபைகள் பெண்களிடம் காலங்காலமாக வாங்கிவருவது அதைத்தான். பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளி வீட்டில் ஜெபம், கூட்டம் என்றால் சமையல். சம்பளமும் இல்லை, சபைக்குழுவில் கதிரையும் இல்லை. தியாகம் என்று பெயர்வைத்து ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.

அதனால் முறையாகப் படியும். தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது 1976இல். அங்கிலிக்கன் இலங்கைத் திருச்சபைக்கு 2006 ஆயிற்று. படித்து முடிந்ததும் சபையிடம் நியமனக் கடிதம் கேளும். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். பிலிமத்தலாவைக் கல்லூரி 1963இலிருந்து பல சபைகள் சேர்ந்து நடத்துவது. சிங்களப் பிள்ளைகளும் உம்மோடு படிப்பார்கள். அவர்களிடம் சிங்களத்தைப் பிடித்துக்கொள்ளும். வன்னித் தாய்மாருக்குக் கொழும்பிலிருந்து வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிற ஊர் நம்முடையது.

நீதிக்கான வேலை என்றதும் பதாகைதான் கண்ணுக்கு வருகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் முக்கால்வாசி கடதாசி வேலை. அந்த அம்மாமாரின் மடியில் இருக்கிற பொலித்தீன் பையைப் பார்த்திருப்பீர். மகனின் அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, விதானையின் கடிதம், மடித்து மடித்துக் கிழிந்த ஆணைக்குழு ரசீது. எது எப்போது யாரிடம் கொடுத்தது என்று திகதிவாரியாக அடுக்கி, ஒரு கொப்பியில் எழுதிவைக்க ஒருத்தி வேண்டும்.

காணியும் அப்படித்தான். கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்த அரச காணிகள். அவற்றுக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மகள்மாரை முந்திக்கொண்டு மகன்மார் வருவார்கள். அந்த வேறுபாட்டை 2022இல்தான் திருத்தினார்கள். திருத்தம் வந்த சங்கதி எத்தனை வீட்டுக்குத் தெரியும்? ஓய்வுநாள் பாடசாலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய்க்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அதைப் படிப்பித்தல் என்பீரா, ஊழியம் என்பீரா, உம்முடைய இஷ்டம்.

மூப்பருக்கு வருகிறேன். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன எண்ணல்ல. 2008 ஒக்ரோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்கில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர்; 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். ஐந்தாம் வகுப்புக் கழித்தல். ஆயர் கழித்துப் பார்த்துக் கேட்டால் இறைவாக்கு, பெண்பிள்ளை தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்தால் அரசியலா? 2017 பெப்ரவரி 20 அன்று அந்தத் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியது கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில். காணாமல் போனவர்களில் வேதக்காரப் பிள்ளைகளும் உண்டு என்று மூப்பருக்கு ஒருக்கால் நினைவூட்டும்.

மூன்றையும் ஒருத்தி செய்யலாம். ஒரே நாளில் மூன்றையும் செய்யப்போனால் படுத்துவிடுவீர். முதல் நாலைந்து வருடம் படிப்புக்குக் கொடும். ஆசிரிய நியமனம் இடையில் வந்தால் என்ன செய்வது என்பதை அப்பாவோடு இருந்து இப்போதே பேசிவிடும். கடைசி நேரத்தில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

இறையியல் கல்லூரிக்கு உம்மை அனுப்பவேண்டியது சபைதான். அதற்கான சிபாரிசை வேறு யாரிடமும் போகாமல் அந்த மூப்பரிடமே கேளும்.

அன்புடன்,
அக்கா