வாசகர் கேள்வி–பதில்: 28 நாளில் சிதையும் என்ற சான்று

கேள்வி: தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரசாயனக் கொள்முதலைக் கவனித்து வருகிறேன். தோலிலுள்ள கொழுப்பை நீக்கும் திரவம் ஒன்றை விற்க வந்தவர், ‘நீரில் எளிதில் சிதையும், 28 நாளில் 63 விழுக்காடு’ என்றொரு தாளைக் கொடுத்தார். மீதி 37 விழுக்காடு பாலாற்றில் தங்கிவிடாதா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அப்படியே தங்கும் என்று கொள்ள வேண்டியதில்லை. நுண்ணுயிரிகள் ஒரு பொருளைத் தின்னும்போது அதன் கரிமத்தில் ஒரு பகுதியைக் கரியமில வாயுவாக வெளியிட்டு, மற்றொரு பகுதியால் தம் உடலை வளர்த்துக்கொள்வதால், முற்றிலும் சிதையும் பொருள்கூட அளவீட்டில் நூறைத் தொடுவது அரிது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) வகுத்த 301 என்னும் சோதனை வரிசையில், செலவான ஆக்சிஜனையோ வெளியான கரியமில வாயுவையோ அளந்தால் 60 விழுக்காடும், கரைந்த கரிமத்தின் குறைவை அளந்தால் 70 விழுக்காடும் தேர்ச்சிக்குப் போதும் என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஆனால் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். நுரை அடங்கிவிட்டது, மூலப்பொருள் காணவில்லை என்பதெல்லாம் முதல்நிலைச் சிதைவு மட்டுமே. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் வகைத் திரவங்கள் அப்படித்தான் உருமாறி, நீர்வாழ் உயிர்களுக்கு மேலும் கேடான நோனைல்ஃபீனாலை விட்டுச்செல்கின்றன. அடுத்து, சிதைவு 10 விழுக்காட்டை எட்டிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் தேர்ச்சி அளவைத் தொட்டதா என்று பாருங்கள். பல கூறுகள் கலந்த சோப்பு வகைப் பொருள்களுக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்துவது உண்டு. தளர்த்தியிருந்தால் அறிக்கையில் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

செலவான ஆக்சிஜனை அளக்கும் முறையில், சோதனைக்கூடத்தில் 22 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில், இருட்டில், மூடிய குப்பிகள் கலக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வெளிப்படும் கரியமில வாயுவைக் குப்பிக்குள் வைத்த காரம் உறிஞ்சிவிடுவதால், ஆக்சிஜன் செலவாகச் செலவாக அழுத்தம் இறங்கும். அந்த இறக்கமே கணக்கு. உங்கள் திரவம் உள்ள குப்பியோடு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குப்பியில் நுண்ணுயிரிகள் மட்டும், இன்னொன்றில் எளிதில் சிதையும் சோடியம் பென்சோயேட், வேறொன்றில் பென்சோயேட்டும் உங்கள் திரவமும் சேர்த்து இருக்க வேண்டும். கடைசிக் குப்பி முக்கியமானது. அதில் பென்சோயேட்டும் சிதையாமல் நின்றால், திரவமே நுண்ணுயிரிகளைக் கொல்கிறது அல்லது முடக்குகிறது என்று பொருள்.

வீட்டுக் கழிவுநீரிலிருந்து எடுத்த, இப்பொருளுக்குப் பழகாத நுண்ணுயிரிகளைக் கொண்டு நடத்துவதால் இது கடுமையான சோதனை. இதில் தோற்ற பொருள் எங்கும் சிதையாது என்று சொல்ல முடியாது. தேறிய பொருளோ உப்பு மிகுந்த தோல் கழிவுநீரில் அதே வேகத்தில் சிதையும் என்பதற்கும் உறுதியில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றைக் கொண்டு தனியாகப் பார்ப்பதே சரி. தயங்காமல் முழு அறிக்கையைக் கேளுங்கள். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது, நம் வேலூர்த் தோல் கழிவு வழக்கில்தான்.

கேள்வி: குரோமியத்துக்கும் இச்சோதனை உண்டா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: இல்லை. இது கரிமச் சேர்மங்களுக்கானது. குரோமியம் தனிமம், எந்த நுண்ணுயிரியாலும் அதைச் சிதைத்து இல்லாமலாக்க முடியாது. பதனிட்ட நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு போன்ற காரத்தால் குரோமியத்தைப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்துவதே வழி.